முதல் பெண் தலைவரும் மூடச் சொன்ன வங்கியும்

(உலக மகளிர் தினத்தையொட்டிப் புது தில்லி கோல் மார்க்கெட்டில் கூடிய தமிழ்ப் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அறையை விட்டு வெளியே சென்று சற்று நடந்தால் கோல் மார்க்கெட்டின் பழைய சந்தைக் கட்டடம் தென்படும். 1921இல் எழுப்பப்பட்டது. வட்டச் சந்தை என்று பெயர் பெற்றிருந்தாலும் உண்மையில் அதற்குப் பன்னிரண்டு பக்கங்கள் உண்டு. தெற்கிலிருந்து எழுத்தர் வேலைக்கு வந்து இந்தச் சுற்றுவட்டாரத்து அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அது பழகிய இடம். பின்னர் பாழடைந்தது, இடியும் நிலையில் உள்ளதென்று பூட்டப்பட்டது. இப்பொழுது அதனைச் சீரமைத்துச் சாதனைப் பெண்களுக்கான அருங்காட்சியகமாக மாற்றப் போவதாகப் புது தில்லி நகராட்சி மன்றம் அறிவித்திருக்கின்றது. நல்லது. அந்தப் பன்னிரண்டு சுவர்களில் யார் யாருடைய படங்கள் தொங்கும் என்பதைப் பொறுத்திருந்து பார்ப்போம். வங்கித் துறையிலிருந்து ஒரு படம் வைப்பார்களாயின், அது ரஞ்சனா குமாருடையதாக இருக்க வாய்ப்புண்டு. இந்தியாவில் ஒரு பொதுத்துறை வங்கிக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். அவர் தலைமை ஏற்ற வங்கி சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி. படத்தின் கீழே இரண்டு வரியும் எழுதுவார்கள்: நலிந்து கிடந்த வங்கியைத் தனி ஒருவராக நிமிர்த்தினார் என்று. அந்த இரண்டு வரியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் வங்கியின் கதை. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. வெள்ளையர்களின் கம்பெனி, நூற்றாண்டுப் பழமை, கவர்னர் மாளிகையோடு உறவு. ஆகவே பணத்துக்கு ஆபத்தில்லை என்று நம்பி விதவைகளும் ஓய்வூதியக்காரர்களும் கோயில் நிர்வாகங்களும் சிறு வணிகர்களும் போட்டு வைத்த பணம் ஒரே நாளில் காணாமற் போயிற்று. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். ‘சர்’ பட்டம் பெற்ற ஒரு வெள்ளை வங்கியாளரைச் சிறைக்கு அனுப்பியது அந்தக் காலத்தில் சிறிய செய்தியன்று. இந்தக் காலத்திலும் பெரிய கடனாளிகளைப் பொறுத்தவரை அது அரிதாகவே நிகழ்கின்றது என்பதைத் தோழர்கள் அறிவீர்கள். அதே அக்டோபர் மாதத்தில்தான் தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. சுதேசி உணர்வும் அர்பத்நாட் இழப்பின் கோபமும் சேர்ந்த சூழலில், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, நகரத்தார் சமூகத்துப் பெருந்தனக்காரர்களின் மூலதனத்தோடு, 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி செயல்படத் தொடங்கியது. தேதி தற்செயலானது. ஆனால் தோற்றத்தின் பின்னணி தற்செயலானதன்று: சாதாரண மனிதரின் சேமிப்பைக் காக்க நம்பத்தக்க வங்கி வேண்டும் என்ற கேள்வியில் பிறந்தது அது. 1969 ஜூலை 19 அன்று நாட்டுடைமையாக்கப்பட்ட பதினான்கு வங்கிகளில் அதுவும் ஒன்று.

இனி அந்தப் பெண்மணியின் கதைக்கு வருகிறேன். 1966இல் பாங்க் ஆஃப் இந்தியாவில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தார். அப்பொழுது அது தனியார் வங்கி. அந்த ஆண்டைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அன்றைய இந்தியாவில் படித்த பெண் ஒருத்திக்கு வேலை கிடைப்பது ஒரு சிக்கல் என்றால், கிடைத்த வேலையைத் திருமணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வது அதனினும் பெரிய சிக்கல். பம்பாயில் ஒரு மருந்து நிறுவனம். மருந்துகளைப் பொட்டலமிட்டு முகப்புச்சீட்டு ஒட்டும் பிரிவில் பெண்கள் வேலை பார்த்தனர். திருமணமானால் அன்றோடு வேலை முடிந்தது என்பது அங்கு விதி. நிர்வாகம் சொன்ன காரணம் என்ன தெரியுமா? அவர்கள் குழுவாக வேலை செய்கிறார்கள், ஒருவர் வராவிட்டால் மற்றவர் வேலை கெடும், மணமான பெண்கள் அதிகமாக விடுப்பு எடுப்பார்கள் என்பது. பம்பாய் லேபர் யூனியன் அந்த வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்று 1965இல் வென்றது. மணமாகாத பெண்ணுக்கும் விதவைக்கும் இல்லாத வருகைச் சிக்கல் மணமான பெண்ணுக்கு மட்டும் எப்படி வருகின்றது என்று நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. அயல்நாட்டுப் பணியில் இருந்த பெண் அதிகாரி அரசின் அனுமதி பெற்றுத்தான் திருமணம் செய்யலாம் என்ற விதியை எதிர்த்து சி.பி. முத்தம்மா நீதிமன்றம் சென்றதும், வி.ஆர். கிருஷ்ணய்யர் அதனைக் கடுமையாகச் சாடியதும் 1979இல்தான். ரஞ்சனா குமாரின் திறமையை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெண்கள் மேலே ஏறிச் சென்ற படிகளைச் செதுக்கியவர்களின் வரிசையில், மருந்துப் பொட்டலம் கட்டிய அந்தப் பெண்களும் அவர்களுடைய சங்கமும் இருக்கிறார்கள்.

மூன்று ஆண்டுகளில் அவர் பணியாற்றிய வங்கியும் நாட்டுடைமையானது. 1969 ஜூனில் நாடு முழுவதும் இருந்த வணிக வங்கிக் கிளைகள் 8,262. 1990இல் அவை ஏறத்தாழ 60 ஆயிரம். முதலாளியின் சாதியும் உறவும் பார்த்து ஆள் எடுத்த துறை, எழுத்துத் தேர்வும் இடஒதுக்கீடும் வழியாக ஆள் எடுக்கும் துறையாக மாறியது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கல்லூரி முடித்த எத்தனையோ பெண்கள் அந்தத் தேர்வு வழியாகத்தான் முகப்பில் வந்து அமர்ந்தார்கள். இன்று வங்கி ஊழியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெண்கள். தனியார் வங்கிகள் தாமாக மனம் மாறிப் பெண்களுக்குக் கதவைத் திறந்ததாக எழுதுவோர் இந்த இருபதாண்டு வரலாற்றைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

ரஞ்சனா குமார் படிப்படியாக உயர்ந்தார். பாங்க் ஆஃப் இந்தியாவின் அமெரிக்கச் செயல்பாடுகளுக்கு நியூயார்க்கில் பொறுப்பு வகித்தார். கனரா வங்கியில் செயல் இயக்குநராக இருந்தார். 2000 ஜூனில் அவரை இந்தியன் வங்கிக்கு அனுப்பினார்கள். பதவியின் ஆங்கிலப் பெயரிலேயே ஆண் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. சேர்மன் என்றே அவரையும் எழுதினார்கள். தமிழில் ‘தலைவர்’ என்று எழுதினால் போதும், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். நம்முடைய ‘அர்’ விகுதி இந்த ஓரிடத்தில் நமக்கு உதவுகின்றது.

அவர் வந்தபொழுது வங்கி இருந்த நிலை என்ன? 1995-96 ஆம் ஆண்டில் மட்டும் இந்தியன் வங்கிக்கு 1,336 கோடி ரூபாய் நட்டம். அது வரை இந்திய வங்கி எதுவும் காணாத தொகை என்று அன்று பேசப்பட்டது. காரணம் கிராமக் கிளைகளா? பயிர்க்கடன் வாங்கிய விவசாயியா? தையல் இயந்திரத்துக்குக் கடன் பெற்ற பெண்ணா? மேலிடத்துச் செல்வாக்கோடு வந்த பெரும் கடன்கள்தாம். விதிகளை மீறிக் கடன் வழங்கியதாக மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குகள் பதிவு செய்தது. முன்னாள் தலைவர் ஒருவரே குற்றம் சாட்டப்பட்டார்.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திரும்பி வராத கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கினால் ‘செயல்படாத சொத்து’ என்று வரும். அரசு ஆவணங்கள் சிலவற்றில் அப்படித்தான் எழுதியும் வைத்திருக்கிறார்கள். படிப்பவருக்கு என்ன தோன்றும்? எங்கோ ஒரு பழுதடைந்த எந்திரம் ஓடாமல் நிற்கின்றது என்று தோன்றும். கடன் வாங்கிய மனிதன் அந்தச் சொல்லில் இல்லை. கொடுத்த மனிதனும் இல்லை. நம் பத்திரிகைகள் தொடக்கத்திலிருந்தே ‘வாராக் கடன்’ என்று எழுதி வருகின்றன. அதுகூட எனக்கு முழு நிறைவு தருவதில்லை. கடன் தானாக வராமல் இருந்துவிடுமா? தராத ஒருவர் இருக்கிறார். வங்கி ஊழியர் சங்கங்கள் கடன் ஏய்ப்போரின் பெயர்ப் பட்டியலைத் தாமே அச்சிட்டு வெளியிட்டது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். வினைக்கு எழுவாயைத் தேடிக் கொடுத்தார்கள் அவர்கள்.

1999இல் ரிசர்வ் வங்கி அமைத்த வர்மா குழு, இந்தியன் வங்கி, யூகோ வங்கி, யுனைடெட் பாங்க் ஆஃப் இந்தியா ஆகிய மூன்றையும் நலிந்த வங்கிகள் என அடையாளம் காட்டியது. இந்தியத் தொழில் கூட்டமைப்பு அமைத்த குழு இன்னும் ஒரு படி மேலே சென்று, இந்த வங்கிகளை மூடிவிடலாம் என்று பரிந்துரைத்தது. கடன் வாங்கிய வர்க்கத்தின் சங்கம், கடன் கொடுத்த வங்கியை மூடச் சொல்லிற்று. சென்னைக் கடற்கரையோரத் தலைமை அலுவலகத்திலிருந்து செங்கல்பட்டுக் கிளை வரை பணிபுரிந்த ஊழியர்கள், மாதச் சம்பளம் நிற்குமோ என்று அஞ்சிய காலம் அது. அதே 2000 டிசம்பரில் வாஜ்பாய் அரசின் நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா, பொதுத்துறை வங்கிகளில் அரசின் பங்கை 51 விழுக்காட்டிலிருந்து 33ஆகக் குறைக்கும் மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தார். தொழிற்சங்கங்களின் எதிர்ப்பாலும் இடதுசாரிகளின் எதிர்ப்பாலும் அது சட்டமாகவில்லை.

ஆக, ரஞ்சனா குமார் பொறுப்பேற்ற நாற்காலி மிகவும் சூடானது. தோற்றிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஓர் ஆண் தலைவர் தோற்றால் அவர் தோற்றார் என்பார்கள். பெண் தோற்றால் பெண்களுக்கு இந்த வேலை சரிப்படாது என்பார்கள். ஆண்கள் நொறுக்கிவிட்டுப் போன நிறுவனத்தைக் கடைசி நேரத்தில் ஒரு பெண்ணின் கையில் கொடுப்பது உலகெங்கும் காணப்படும் வழக்கம்.

அவர் அஞ்சவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2000-01இல் நட்டம் 274 கோடியாக இருந்தது. 2001-02இல் 33 கோடி ரூபாய் இலாபம் வந்தது. 2002-03இல் இலாபம் 189 கோடி. மூடச் சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள். பின்னர் அவர் நபார்டின் தலைவரானார். அங்கும் அவர்தான் முதல் பெண். அதன்பின் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தில் ஆணையர். வங்கி மீண்ட கதையைத் தாமே ஒரு நூலாகவும் எழுதினார்.

எப்படி மீண்டது? மறுசீரமைப்புத் திட்டத்தில் மூன்று பகுதிகள் இருந்தன. ஒன்று, அரசின் மூலதனம். ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் பொதுக் கருவூலத்திலிருந்து அந்த வங்கிக்குள் சென்றது. பெருங்கடனாளிகள் எடுத்துச் சென்ற பள்ளத்தை மக்களின் வரிப்பணம் நிரப்பியது. இன்னொன்று, ஊழியர்கள். கிளைகள் இணைக்கப்பட்டன, மண்டல அலுவலகங்கள் குறைக்கப்பட்டன, விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. அந்த ஓராண்டில் நாடெங்கும் பொதுத்துறை வங்கிகளை விட்டு விருப்ப ஓய்வில் வெளியேறியவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். அதில் விருப்பம் எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்பதை அன்று வெளியேறியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே இழுபட்ட பெண் ஊழியருக்கு, குடும்பத்திலிருந்தே வாங்கிக்கொண்டு வந்துவிடு என்ற குரல் எளிதில் எழும். மூன்றாவது பகுதிதான் நிர்வாகம்: கடன்களைத் துரத்தி வசூலித்தல், கணினிமயமாக்கல், நம்பிக்கை இழந்த ஊழியர்களை மீண்டும் வேலையில் ஈடுபடச் செய்தல். தலைவரின் திறமை இந்த மூன்றாவதில் இருந்தது, அது உண்மையான திறமை. ஆனால் முதல் இரண்டும் இன்றி மூன்றாவது மட்டும் அந்த வங்கியைக் காப்பாற்றியிருக்காது. வசூலிலும் ஒரு கூரிய கேள்வி உண்டு. சிறு கடனாளியின் வீட்டு வாசலுக்கு வங்கி செல்லும். பெரிய கடனாளியோடு வங்கி சமரச மேசைக்குச் செல்லும். அந்த வேறுபாடு ஒரு தலைவரின் குணத்தால் வந்ததன்று. யார் வந்தாலும் அன்றைய கொள்கை அப்படித்தான் இருந்தது, இன்று அது இன்னும் மோசமாகிவிட்டது.

மூடச் சொன்ன வங்கியின் பங்குகளை 2007 பிப்ரவரியில் சந்தையில் 91 ரூபாய்க்கு விற்றார்கள், முதலீட்டாளர்கள் முண்டியடித்தார்கள். பொதுப்பணத்தால் நோய் தீர்த்து, தேறியவுடன் தனியாருக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். 2020 ஏப்ரல் 1 அன்று, 1865இல் தொடங்கிய அலகாபாத் வங்கியை அதே இந்தியன் வங்கியோடு இணைத்தபோது, தலைமைப் பொறுப்பில் மீண்டும் ஒரு பெண் இருந்தார், பத்மஜா சுந்துரு. இருபதாண்டுக்கு முன் தள்ளுபடி செய்யப்பட்ட வங்கி, தன்னைவிட மூத்த வங்கியை விழுங்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

‘முதல் பெண்’ என்ற சொற்றொடர் விளம்பரத் துறைக்கு மிகவும் பிடித்தமானது. மார்ச் 8 அன்று செய்தித்தாள்களில் வங்கிகளின் முழுப்பக்க விளம்பரங்களைப் பாருங்கள். சிரித்த முகத்துடன் ஒரு பெண் அதிகாரி, ஊதா நிறப் பின்னணி. 2013 நவம்பரில் மன்மோகன் சிங் அரசு 1,000 கோடி ரூபாய் மூலதனத்தில் பாரதிய மகிளா வங்கியைத் தொடங்கியது. மூன்றரை ஆண்டில், 2017 ஏப்ரல் 1 அன்று, மோடி அரசு அதனை ஸ்டேட் வங்கியில் கரைத்துவிட்டது. அதன் தேவையைப் பற்றி நம்மிடையே அன்றே இரு கருத்துகள் இருந்தன. பெண்களுக்குத் தனி வங்கி வேண்டியதில்லை, எல்லா வங்கிகளிலும் பெண்களுக்குக் கடன் வேண்டும் என்பது என் கருத்து. எனினும் தொடக்க விழாவுக்குச் செய்த விளம்பரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அதன் முடிவுக்குக் கிடைக்கவில்லை.

வங்கியும் விளம்பரமும் ஒரே பெண்ணின் கையில் இருந்த வேறு வகை வரலாறும் உண்டு. அமெரிக்காவில் விர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரம்; மேகி லீனா வாக்கர். தாய் முன்பு அடிமையாக இருந்தவர். பின்னர் துணி வெளுத்துப் பிழைத்தவர். மகள் சிறுமியாக இருந்தபோது வெள்ளையர் வீடுகளுக்குச் சலவைக் கூடையைச் சுமந்து சென்றாள். கறுப்பின மக்கள் தங்களுக்குள் ஈமச்செலவுக்கும் நோய்க்கும் உதவிக்கொள்ள நடத்திய செயிண்ட் லூக் சங்கம் 1899இல் நொடித்துக் கிடந்தபோது அதன் பொறுப்பை ஏற்றார். முதலில் தொடங்கியது செய்தித்தாள், 1902இல். அடுத்துதான் வங்கி, 1903 நவம்பரில். முதல் நாளிலேயே ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பெரும்பகுதி வெளுப்பவர்களும் சமையற்காரிகளும் சேர்த்த சில்லறை. 1904இல் டிராம் வண்டியில் கறுப்பர்களைத் தனியே அமர்த்தும் விதி வந்தபோது, அந்தச் செய்தித்தாள் டிராம் புறக்கணிப்புக்கு அறைகூவல் விடுத்தது. அடுத்த ஆண்டு சங்கத்தின் துணிக்கடை திறந்தார். வெள்ளை வணிகர்கள் மொத்த வியாபாரிகளை மிரட்டிச் சரக்கு வரவிடாமல் செய்தார்கள். சில ஆண்டுகளில் கடை மூடப்பட்டது, வங்கி நின்றது. அவர் சோசலிஸ்ட் அல்லர், கறுப்பின முதலாளியம் என்ற பாதையில் நம்பிக்கை வைத்தவர். ஆனால் தம் மக்களிடம் விளம்பரப்படுத்தியது தம் முகத்தையன்று, தம் மக்களின் காசு எங்கே போகின்றது என்ற கணக்கை. நம் நாட்டில் 1974இல் அகமதாபாதில் கூடை சுமக்கும் பெண்களும் காய்கறி விற்கும் பெண்களும் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு சேவா வங்கியைத் தொடங்கியதும் இந்த வகையைச் சேர்ந்ததே. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் வங்கி நடத்துவதா என்ற தடை வந்தபோது, ஒரே இரவில் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டு மறுநாள் வந்தார்கள். சேவாவின் அரசியலோடு நமக்குள்ள கருத்து வேறுபாடுகள் வேறு. அந்த இரவை நான் மதிக்கிறேன்.

மீண்டும் இந்தியன் வங்கிக்கு வருகிறேன். 2022 ஜூன் மாதம். முதல் பெண் தலைவர் பொறுப்பேற்று இருபத்திரண்டு ஆண்டுகள். புதிதாகத் தேர்வு பெற்ற பெண், பணியில் சேரும்போது பன்னிரண்டு வாரமோ அதற்கு மேலோ கருவுற்றிருந்தால், ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்’ என்று கொள்ள வேண்டும். பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்து மருத்துவச் சான்றுடன் வரட்டும் என்பது அந்த வங்கியின் வழிகாட்டுதலாகச் செய்தி வந்தது. தில்லி மகளிர் ஆணையம் வங்கிக்கு அறிவிக்கை அனுப்பியது. அதற்கு ஐந்து மாதம் முன்புதான் ஸ்டேட் வங்கி இதே போன்ற சுற்றறிக்கையை வெளியிட்டு, மாதர் அமைப்புகளும் சங்கங்களும் எழுப்பிய கண்டனத்தால் 2022 ஜனவரி 29 அன்று நிறுத்தி வைத்தது. புதிய விதி எதையும் கொண்டுவரவில்லை, எந்தப் பெண்ணுக்கும் வேலை மறுக்கவில்லை என்பது இந்தியன் வங்கியின் விளக்கமாக இருந்தது. அப்படியானால் ‘தகுதியற்றவர்’ என்ற சொல் அந்தத் தாளில் எதற்கு? காத்திருக்கும் மாதங்களில் அந்தப் பெண்ணின் பணிமூப்பு போகும். அதே தேர்வில் அவளுக்குப் பின்னால் நின்ற ஆண் அவளுக்கு முன்னால் செல்வான். இருபத்தைந்து ஆண்டு கழித்துப் பொது மேலாளர் பதவிக்குப் பெயர்கள் பரிசீலிக்கப்படும்போது அந்தச் சில மாதங்கள் கணக்கில் வரும். பம்பாய் மருந்து நிறுவனம் 1965இல் முன்வைத்த வாதத்திலிருந்து இது எவ்வளவு தூரம்?

இன்னொரு வரிசையும் இருக்கின்றது. அந்த வரிசையில் வங்கி ஊழியர் என்ற பெயரே இல்லை. கிளை இல்லாத ஊர்களில் கையடக்க எந்திரத்தோடு சென்று ஓய்வூதியமும் நூறு நாள் வேலைக் கூலியும் பட்டுவாடா செய்யும் வங்கி முகவர்களில், சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள் ஏராளம். சம்பளம் இல்லை, பரிவர்த்தனைக்கு இவ்வளவு என்று கமிஷன். எந்திரம் கைரேகையை ஏற்க மறுத்தால் ஊர்க்காரரின் வசவு அவர்களுக்கு, கமிஷன் கிடையாது. முகப்பில் ஒரு நிரந்தர எழுத்தர் செய்த வேலையைத்தான் அவர்கள் செய்கிறார்கள். அவர்களைச் சங்கத்தில் சேர்ப்பது பற்றி வங்கி அரங்கத் தோழர்கள் என்ன முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்பதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற தோழர்கள் சிலரும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு விருப்ப ஓய்வுப் படிவம் மேசைக்கு வந்த நாட்களைப் பற்றி அவர்கள் சொன்னால் என் பேச்சைவிடப் பயனுள்ளதாக இருக்கும்.